சான்றுக்கும் இரட்டைத் தராசா?

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்கென்றே திருமறை ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைத்து வாங்குவதும், பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதும் அவர்களுடைய இழிகுணம் என்று அது படம் பிடித்துக் காட்டுகிறது. அந்தக் கண்டனம் கடைத்தெருவின் படிக்கல்லுக்கும் மரக்காலுக்கும் மட்டுமே உரியது என்று நம்மிற் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றனர். சான்றுகளை எடை போடுவதிலும் அதே மோசடி நிகழக் கூடும். தனக்குச் சாதகமான இடத்தில் ஒரு சான்றை நிறைத்து வாங்கிக் கொண்டு, தனக்குச் சங்கடமான இடத்தில் அதே சான்றைக் குறைத்துத் தள்ளுகிறவன் கையில் தராசு இல்லையே தவிர, அவன் செய்வதும் அந்த மோசடிதான்.

கொரோனாக் கொள்ளை நோயின்போது நம் சமுதாயத்தில் ஒரு சாரார் இதைத்தான் செய்தனர். இன்றும் செய்து வருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-ஆம் நாள் அந்நோயை உலகளாவிய கொள்ளை நோய் என்று அறிவித்தது. 2023 மே 5-ஆம் நாள், நெருக்கடி நிலை முடிந்தது என்று அதே நிறுவனம் கூறிற்று. நோயின் கொடுமை தணிந்து விட்டது. ஆனால் அப்போது விதைக்கப்பட்ட ஐயம் தணியவில்லை. பெரியவர்களுக்குரிய ஊசியைப் பற்றி அன்று கிளம்பிய பேச்சு, இன்று பச்சிளங் குழந்தைகளுக்குரிய தட்டம்மை ஊசி வரை, போலியோச் சொட்டு வரை நீண்டிருக்கிறது. ஆகவேதான், முடிந்து போன கதை என்று இதை ஒதுக்கி விட நமக்கு மனம் வரவில்லை.

முதலில் அடக்கத்தைப் பற்றிய வழக்கை நினைவூட்டுவோம். இலங்கையில் 2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் இறந்த ஒரு முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11-ஆம் நாள் வெளியான வர்த்தமானி அறிவித்தல், இந்நோயால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவி விடும் என்பது கூறப்பட்ட காரணம். அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவின் உடலும் தீக்கு இரையாக்கப்பட்டது. மக்கள் கபன் துணியின் அடையாளமாக வெள்ளைத் துணிகளை எரியூட்டு நிலையத்தின் வாயிற் கம்பிகளில் கட்டி வைத்து அழுதனர். கடல் கடந்து இங்கிருந்த நாமும் அழுதோம்.

அப்போது நம் தரப்பில் என்ன வாதம் வைக்கப்பட்டது? அடக்கம் செய்வது எங்கள் மார்க்கக் கடமை என்று மட்டும் சொல்லி நிறுத்திக் கொண்டோமா? இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினோம். அடக்கம், எரியூட்டல் இரண்டும் ஏற்புடையனவே என்று அது கூறியிருந்தது. இந்தக் கிருமி உயிருள்ள உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும். இறந்த உடலிலும் மண்ணிலும் அது பெருக வழியில்லை. அது பரவுவது மூச்சு வழியாக என்று விளக்கினோம். இலங்கையின் சமுதாய மருத்துவர் கல்லூரியும் மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்யலாம் என்று கூறிய அறிக்கைகளை ஊர் ஊராகப் பரப்பினோம். அந்நாட்டு அரசு 2021 பிப்ரவரி இறுதியில் தடையை விலக்கியது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் கபுறுகள் தோண்டப்பட்டன. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரிற்று. அறிவியல் நம் பக்கம் நின்றது என்று பெருமையோடு பேசிக் கொண்டோம், அதில் தவறில்லை.

இந்தியாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2020 மார்ச்சில் டெல்லி நிஸாமுத்தீன் மர்கஸில் கூடிய தப்லீக் சகோதரர்களைக் காட்டி, நோயைப் பரப்பியவர்கள் முஸ்லிம்களே என்று பெரும் பழி சுமத்தப்பட்டது. நம் ஊர்களில் காய்கறி விற்கும் ஏழை முஸ்லிம் கூட அந்தப் பழியின் சூட்டை உணர்ந்தார். நாம் சான்று கேட்டோம். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தோன்றுகிறது என்று கருத்துரைத்தது. சான்று அப்போதும் நம்மைக் காத்தது.

இலங்கையில் எரிப்பை நியாயப்படுத்தியவர்களின் குற்றம் யாது? தொடக்கத்தில் ஐயம் கொண்டதை யாரும் குறை சொல்ல முடியாது. புதிய நோய்; தெரியாதவை பல. ஆனால் தெளிவு வந்த பிறகும், ஒருவேளை நீரில் பரவினால் என்ன செய்வது என்று அந்த 'ஒருவேளை'யையே பிடித்துக் கொண்டு தொங்கினார்களே, அதுதான் குற்றம். இப்போது நம்மவர் ஒரு சாராரிடம் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒருவேளை மலடாக்கி விட்டால்? ஒருவேளை பன்றிப் பொருள் கலந்திருந்தால்? ஒருவேளை சதியாக இருந்தால்? அதே 'ஒருவேளை'! கபுறுக்குச் சான்று கேட்ட வாய், ஊசிக்கு வதந்தியை ஓதுகிறது. மையித்துக்கு நீதி கேட்க அறிவியலை அழைத்து வந்தவர்கள், உயிரோடிருக்கும் குழந்தையைக் காக்க அதே அறிவியல் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்துகிறார்கள். இந்த இரட்டைத் தராசைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

மத்ரஸாவில் ஹதீஸ் கலை ஓதிக் கொடுக்கும் நாம் இதை மேலும் வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. உலகில் வேறெந்தச் சமுதாயமும் செய்திகளைச் சோதிக்க நம்மைப் போல் ஒரு கலையை வளர்த்ததில்லை. அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கேட்டாரா, நினைவாற்றல் உள்ளவரா, உண்மையாளரா என்று நம் இமாம்கள் தோண்டித் துருவினர். தொடரில் ஒரே ஓர் ஆள் இன்னார் என்று தெரியாவிட்டால், அவரை மஜ்ஹூல் என்று குறித்து அந்த அறிவிப்பைப் பலவீனமாக்கினர். அந்த இமாம்களின் வாரிசுகளாகிய நம் கைப்பேசிக்கு ஒரு குரற்பதிவு வருகிறது. வெளிநாட்டில் ஒரு பெரிய டாக்டர் சொல்கிறார் என்று அது தொடங்குகிறது. டாக்டர் யார்? மஜ்ஹூல். அவரிடம் கேட்டவர் யார்? மஜ்ஹூல். நமக்கு அனுப்பியவர் யாரிடம் பெற்றார்? அவருக்கே தெரியாது. தலையும் வாலும் அறுந்த இந்தச் செய்தியை ஸஹீஹான ஹதீஸைப் போல் நாற்பது பேருக்கு அனுப்பி வைத்துவிட்டு, நன்மை தேடிக் கொண்டதாக உறங்கப் போகிறோம். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் ஓதாமலா இருக்கிறோம்?

மருத்துவ உலகிலும் ஓர் உரைகல் உண்டு. அதை நம் வீட்டார் அறிந்து கொள்வது நலம். ஒரு மருந்து பயன் தருமா என்று அறிய வேண்டுமானால், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தைக் கொடுத்து, மறு பிரிவினருக்குக் கொடுக்காமல் வைத்து ஒப்பிட வேண்டும். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. நோயாளியும் தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கியே தீர்மானிக்க வேண்டும். விருப்பு வெறுப்பு நுழையாமல் இருக்க ஃபிக்ஹு நூல்களில் 'குர்ஆ' என்னும் திருவுளச் சீட்டு முறை சொல்லப்பட்டிருப்பதை நாம் அறிவோம். நோக்கம் இரண்டிலும் ஒன்றே.

பிரிட்டனில் 2020-இல் இவ்வாறு ஒரு பேராய்வு நடைபெற்றது. டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்தை அதில் சோதித்தனர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிராணவாயு மட்டும் பெற்றோரிடையே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. காரணம் விளங்கக் கூடியதே. இந்நோயில் பலரைக் கொல்வது கிருமி மட்டுமன்று. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் படையே வரம்பு மீறி நுரையீரலைத் தாக்குகிறது. அந்தப் படையை அடக்குவது இம்மருந்து. நோய் முற்றாத நிலையில் கொடுத்தால், வேலை செய்ய வேண்டிய படையை வீணே முடக்கியதாகும்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2021-இன் இரண்டாம் அலையில், காய்ச்சல் கண்ட மறுநாளே இவ்வகை மருந்தைத் தாமாக வாங்கி விழுங்கியோர் எத்தனையோ பேர். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் இம்மருந்தும் சேர்ந்த உடல்களில் கரும்பூஞ்சை நோய் புகுந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை அது பற்றிக் கொண்டது. கண்ணையும் தாடையையும் இழந்தோர் பலர். மருந்து ஒன்றே. உரிய வேளையில் உயிர் காத்தது. உரியதல்லாத வேளையில் கேடு செய்தது. ஊசிக்கு அஞ்சி ஒதுங்கிய அதே கைகள், மருந்துச் சீட்டில்லாத மாத்திரைக்கு அஞ்சாமல் நீண்டன. இதுவும் இரட்டைத் தராசன்றி வேறென்ன?

ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மாத்திரை உயிர் காக்கும் என்று உலகத் தலைவர்களே முழங்கினர். அதே பிரிட்டிஷ் ஆய்வு, மருத்துவமனை நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று 2020 ஜூனில் காட்டியது. ஐவர்மெக்டின் மாத்திரையின் கதையும் 2022-இல் வெளியான பெரிய ஆய்வுகளில் அவ்வாறே முடிந்தது. குருதிநீர்ச் சிகிச்சையோ நம் நெஞ்சைத் தொடுவது. பழி சுமந்த தப்லீக் சகோதரர்களில் நோயிலிருந்து மீண்ட பலர், 2020 ஏப்ரலில் டெல்லியில் பிறர் உயிர் காக்கத் தம் குருதிநீரைக் கொடுக்க முன்வந்தனர். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, அச்சிகிச்சை மரணத்தைக் குறைக்கவில்லை என்று கண்டது. 2021 மே மாதம் சிகிச்சைப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. கொடுத்தவர்களின் நிய்யத்துக்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. சிகிச்சையின் பயன் வேறு கணக்கு. நம் சகோதரர் கொடுத்தது என்பதற்காக அந்தக் கணக்கை மாற்றி எழுத நாம் விரும்பவில்லை. நேர்மையான தராசு அப்படித்தான் இருக்க வேண்டும்.

கருஞ்சீரகம் இருக்கும்போது ஊசி எதற்கு என்று கேட்போர் உளர். கருஞ்சீரகத்தைப் புகழும் நபிமொழியை நாம் கண்ணில் ஒற்றிக் கொள்கிறோம். ஆயினும் அதன் பொதுச் சொல், அதற்குப் பொருந்தும் நோய்களையே குறிக்கும் என்று இமாம் கத்தாபி (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கியுள்ளனர். ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றபோது ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தது வரலாறு. கருஞ்சீரகமே எல்லாவற்றுக்கும் போதுமென்றால் மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்களா?

இனி ஊசியின் வழக்கைத் தராசில் வைப்போம். அந்தக் கிருமியின் மேற்புறத்தில் முட்களைப் போன்ற புரதங்கள் உள. நம் மூச்சுப் பாதையின் உயிரணுக்களில் உள்ள ஓர் ஏற்பியில், பூட்டில் சாவி பொருந்துவதைப் போல் அந்த முள் பொருந்துகிறது. கிருமி உள்ளே புகுந்து தன்னைப் போல் ஆயிரமாயிரம் படிகள் எடுக்கிறது. தடுப்பூசியின் வேலை, பகைவனின் முகத்தை முன்கூட்டியே நம் உடலின் காவலுக்குக் காட்டி வைப்பது. கோவேக்சின், கொல்லப்பட்ட முழுக் கிருமியைக் காட்டுகிறது. கோவிஷீல்டு, பெருக முடியாதபடி மாற்றப்பட்ட மற்றொரு சளிக் கிருமியின் வழியே அந்த முள்ளின் குறிப்பை மட்டும் கொடுத்தனுப்புகிறது.

2021 ஜனவரி 3-ஆம் நாள் இரண்டுக்கும் இந்திய அரசு அனுமதி அளித்தபோது, கோவேக்சினின் மூன்றாம் கட்ட ஆய்வு முடிந்திருக்கவில்லை. முடிவு வருமுன் அனுமதி ஏன் என்று கேட்டவர்கள் அன்று நியாயமாகவே கேட்டனர். அறிவியலாளர் பலரும் கேட்டனர். அவ்வாண்டு ஜூலையில் முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய 25,800 பேர் பங்கு கொண்ட ஆய்வில், நோய் தடுக்கும் திறன் 77.8 விழுக்காடு என்று கண்டனர். ஜனவரியில் எழுந்த கேள்வி அறிவுடைமை. விடை வந்த பிறகும் அதையே கேட்டுக் கொண்டிருப்பது பிடிவாதம். விடையைக் கேட்கும் எண்ணம் இல்லாதவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை ஏது?

ஊசி போட்டவருக்கும் நோய் வந்ததே என்பர். வந்தது உண்மை. கிருமி உருமாறி, 2021 இறுதியில் ஒமிக்ரான் வந்த பின், தொற்றைத் தடுக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நோய் முற்றுவதிலிருந்தும் மரணத்திலிருந்தும் காக்கும் ஆற்றல் பெரிதும் நிலைத்தது. மதில் கட்டிய ஊரிலும் சில வேளை திருடன் நுழைகிறான். அதற்காக மதிலை இடிப்பாருண்டோ?

பக்க விளைவு இல்லையா என்பர். உண்டு, அதை மறைப்பவர் நமக்கு நண்பர் அல்லர். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் நோய் உண்டாகிறது. இலட்சம் பேரில் ஓரிருவர் என்ற அளவில் ஐரோப்பாவில் அது காணப்பட்டது. 2024-இல் அந்த நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் இதை ஒப்புக் கொண்டதாகச் செய்தி வந்தவுடன், மூன்றாண்டு மறைத்து வைத்த இரகசியம் வெளிப்பட்டு விட்டதாக நம் கைப்பேசிகள் அலறின. இரகசியம் ஏது? 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதை வெளிப்படையாக அறிவித்திருந்தது. பிரிட்டன் அதே மாதம் முப்பது வயதுக்குட்பட்டோருக்கும், அடுத்த மாதம் நாற்பது வயதுக்குட்பட்டோருக்கும் வேறு ஊசியைப் பரிந்துரைத்தது. ஏன்? இளைஞருக்கு நோயால் வரும் ஆபத்து குறைவு. ஆகவே ஊசியின் சிறு ஆபத்தும் அங்கே கனக்கிறது. முதியவருக்கு நோயின் ஆபத்து மலை போன்றது. ஊசியின் ஆபத்து கடுகு போன்றது. இரு தீங்குகள் எதிர்ப்படும்போது இலேசானதை ஏற்றுப் பெரியதைத் தவிர்க்க வேண்டும் என்ற நம் சட்டக் கலையின் விதியும் இதுவே. முடிவெடுப்பது என்றால் இப்படி எடை போடுவது. இருப்பது ஆபத்து, இல்லாதது பாதுகாப்பு என்று கண்ணை மூடிக் கொள்வதற்கு முடிவு என்று பெயரில்லை.

ஹராம் கலந்தது என்ற கூச்சலுக்கு வருவோம். இந்தோனேசிய உலமாச் சபை 2021 ஜனவரியில் சீன நாட்டு சினோவாக் ஊசியை ஆய்ந்து, அது தூய்மையானது, ஹலாலானது என்று தீர்ப்பளித்தது. மார்ச் மாதத்தில் அஸ்ட்ராஜெனகா ஊசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெறும் ஒரு நொதி பயன்பட்டதாகக் கருதி, அது விலக்கப்பட்டது எனினும் நெருக்கடியில் போட்டுக் கொள்ளலாம் என்று அதே சபை கூறிற்று. அந்த நிறுவனமோ அத்தகைய பொருள் எதுவும் கலக்கவில்லை என்று மறுத்தது. இரண்டில் எதை ஏற்றாலும் முடிவு ஒன்றே: போட்டுக் கொள்ளலாம். ஐக்கிய அரபு நாட்டு ஃபத்வாச் சபை 2020 டிசம்பரிலேயே இவ்வாறு தீர்ப்பளித்தது. தூய மாற்று மருந்து கிடைக்காதபோது, போதைப் பொருள் நீங்கலாக அசுத்தம் கலந்ததையும் மருந்தாகக் கொள்ளலாம் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் தூணான இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார்கள். உலமாக்கள் விரிவாக ஆராய்ந்து திறந்த கதவை, ஓதாதவர்கள் பேணுதல் என்ற பெயரால் பூட்டுவது விந்தையே.

இந்த வாதம் செய்வோர் ஹஜ்ஜுக்குப் போகும்போது என்ன செய்கின்றனர்? 1987-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவியதால் ஹாஜிகளுக்குத் தடுப்பூசி கட்டாயமாயிற்று. 2000, 2001 ஆண்டுகளில் வேறு வகைக் கிருமி பரவவே, நால்வகைக் கிருமிக்கும் எதிரான ஊசியாக அது மாற்றப்பட்டது. அன்று முதல் நம் ஹாஜிமார் முழங்கைச் சட்டையை மடித்து அந்த ஊசியைப் போட்டுக் கொண்டுதான் கஅபாவைக் காண்கின்றனர். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம். 2021-ஆம் ஆண்டு ஹஜ்ஜில், ஊசி போட்டுக் கொண்ட சுமார் அறுபதாயிரம் உள்நாட்டவர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். அனுமதிச் சீட்டுக்காக ஏற்கும் ஊசி, அண்டை வீட்டு மூதாட்டியின் உயிருக்காக என்றால் கசக்கிறதா?

அல்லாஹ் விதித்தது நடக்கும். ஊசி தவக்குலுக்கு மாறு என்பர் சிலர். ஹிஜ்ரி 18-இல் ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னும் இடத்தில் அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். முஹாஜிர்களைக் கலந்தார்கள், கருத்து வேறுபட்டது. அன்சாரிகளைக் கலந்தார்கள், மீண்டும் வேறுபட்டது. குறைஷி முதியோரைக் கலந்தார்கள்; திரும்புவதே சரி என்று அவர்கள் ஒருமித்துக் கூறினர். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர், அங்கிருந்து தப்பி வெளியேறாதீர் என்ற கருத்துடைய நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து எடுத்துரைத்தது அதன் பிறகுதான். நம்மை விட உமர் (ரலி) அவர்களுக்குத் தவக்குல் குறைவென்று சொல்லத் துணிவார் யார்? இரண்டாம் அலையில், உற்றாரே தொடத் தயங்கிய சடலங்களை நம் இளைஞர்கள் மதம் பாராமல் அடக்கம் செய்தனர். எரியூட்ட வேண்டியவற்றை எரியூட்டவும் துணை நின்றனர். தலை முதல் கால் வரை கவச உடை அணிந்தே செய்தனர். அந்த உடை தவக்குலுக்கு மாறு என்று ஒருவரும் சொல்லவில்லை. துணியாலான கவசம் ஆகுமென்றால், இரத்தத்துக்குள் இடும் கவசம் மட்டும் ஆகாதோ?

ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை கண்ட ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) தம் பெண்மக்கள் மூவரைக் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். அந்நோயைப் பற்றி 'பத்லுல் மாஊன்' என்ற நூலே எழுதினார்கள். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இயல்பாகத் தொற்றுகிறது என்ற மருத்துவர் கொள்கையை அவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் ஹிஜ்ரி 833-இல் கெய்ரோ மக்கள் நோன்பிருந்து பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்த பின், நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த இறப்பு ஆயிரத்தைத் தாண்டியதை அவர்களே எழுதி வைத்தார்கள். தம் கருத்துக்குச் சங்கடமான உண்மையையும் மறைக்காத அந்த அமானிதத்தை என்னென்பது! நம் முன்னோரின் தராசு அது.

பகைவரின் சதி என்ற அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அதற்குக் காரணம் உண்டு. 2011-இல் பாகிஸ்தானின் அப்போட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை, ஒருவரைத் தேடுவதற்காக மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் நாடகம் நடத்தியது. அந்த ஈனச் செயலின் விலையைக் கொடுத்தோர் உளவாளிகள் அல்லர். சொட்டு மருந்து கொடுக்கச் சென்று சுட்டுக் கொல்லப்பட்ட ஏழைப் பெண்களும், கால் சூம்பிய குழந்தைகளும் கொடுத்தனர். பகைவன் செய்த அநீதிக்கு நம் குழந்தையின் காலையா தண்டமாகக் கட்டுவது?

நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003-இல், மலடாக்கும் மருந்து என்று சொல்லிப் போலியோச் சொட்டை நிறுத்தினர். அடங்கிக் கொண்டிருந்த கிருமி நாடு விட்டு நாடு பாய்ந்தது. இந்தோனேசியாவில் தயாரான மருந்து, முஸ்லிம் நாட்டு மருந்து என்று தெளிந்து 2004-இல் மீண்டும் தொடங்கினர். ஆனால் நைஜீரியாவில் வேர் கொண்ட கிருமி 2005-இல் அதே இந்தோனேசியாவை அடைந்து, ஏறத்தாழ முந்நூறு குழந்தைகளை முடமாக்கியது. நம் வதந்திக்கு நம் பிள்ளைகளே பலியாயினர். இந்தியாவிலோ உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் இதே வதந்தி எழுந்தபோது, உலமாக்களும் இமாம்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லிய்யா போன்ற நிறுவனங்களும் முன்வந்து வீடு வீடாக ஐயம் களைந்தனர். 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கைப் போலியோ ஒரு குழந்தையையும் தீண்டவில்லை. 2014-இல் அதற்கான சான்றும் கிடைத்தது.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகின் கடைசி மனிதர் நம் சகோதரரே. சோமாலியாவின் மெர்கா நகரத்து மருத்துவமனைச் சமையற்காரர் அலீ மாவோ மாலீன், 1977-இல் அந்நோயைக் கண்டு பிழைத்தார். ஊசி வலிக்கும் என்று அஞ்சி ஒதுங்கியிருந்தவர் அவர். பிற்காலத்தில் போலியோ ஒழிப்புத் தொண்டராகி, தம் கதையைத் தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லியே அவர்தம் தயக்கத்தைப் போக்கினார். 2013-இல் அப்பணியினிடையே காய்ச்சல் கண்டு மறைந்தார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

பெரிய காரியங்களை நாம் கேட்கவில்லை. மிம்பரில் நின்று நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசுமுன், கத்தீப்மார் தம் ஊர் மருத்துவர் இருவரையேனும் கலந்து கொள்ளட்டும்; உமர் (ரலி) மூன்று குழுவினரைக் கலந்தார்கள். ஜமாஅத்தார் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் குழந்தைகளுக்குரிய தடுப்பூசி அட்டவணையைத் தொங்க விடட்டும். முதியவரும் நெடுநோயாளரும் கருவுற்ற தாய்மாரும், எந்த ஊசி தமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தம் உடலறிந்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். கைப்பேசியில் வரும் செய்திக்கு, சொன்னவர் யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். விடை இல்லையேல் அந்தச் செய்தி நம் விரலோடு மடியட்டும். 2016-இல் அண்டைக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், ஊசி போடாத பிள்ளைகளிடையே தொண்டை அடைப்பான் மீண்டும் தலைகாட்டி உயிர் குடித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஐயமும் தெரியாது, சதியும் தெரியாது. அவர்களுக்காக முடிவெடுத்தவர்கள் பெரியவர்கள்.

மறுமையில் மீஸான் நிறுத்தப்படும் நாளில் அங்கே இருப்பது ஒரே தராசு. இலங்கையில் நம் ஜனாஸாக்களுக்காக எந்தச் சான்றை உயர்த்திப் பிடித்தோமோ, அதே சான்றை நம் குழந்தைகளுக்காக ஏன் தாழ்த்தினோம் என்று கேட்கப்பட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? பதிலை இம்மையிலேயே தேடிக் கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவும் நேர்மையும் அருள்வானாக! ஆமீன்.